ஸ்டெல்லா அக்காவின் சாட்சியில் நான் சேர்த்த வரி

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ‘சகோதரி ஸ்டெல்லா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ கீழே ஒரு ரோஜாப்பூப் படம். அதற்கும் கீழே, ‘நம் சபையின் சாட்சியுள்ள மகள்’ என்று செயலாளர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் என் அழுகை நின்றுவிட்டது. நான்கு வருடமாக அக்காவின் கையில் மைக்கைக் கொடுக்காதவர் அவர்.

பொன்மலையில் எங்கள் சபைக்கு வருகிற எல்லோருக்கும் ஸ்டெல்லா அக்காவைத் தெரியும். கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்தார். எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். வேலை கிடைத்தது என்பார்கள், கட்டி கரைந்தது என்பார்கள். ஒரு ஞாயிறு அக்கா எழுந்தார்.

“எங்க வீட்டுக்காரர் குடிய விடணும்னு பதினோரு வருஷம் ஜெபிச்சேங்க. விடல. போன மாசம் குடிச்சே செத்துப் போனாரு. நான் கேட்டது கிடைக்கல. ஆனா அத்தனை வருஷமும் ஆண்டவர் அந்த வீட்டுல என்கூடத்தான் இருந்தாரு. ஸ்தோத்திரம்.”

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பெண்கள் பக்கம் ஒருத்தி மட்டும் விம்மினாள். அவள் வீட்டிலும் அதே கதைதான்.

அடுத்த வாரமே புது விதி வந்தது. சாட்சியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். “புதுசா வர்றவங்க இடறிப் போயிடுவாங்க பாப்பா” என்று செயலாளர் என்னிடம் விளக்கினார். எழுதித் தருகிற வேலை எனக்கு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. சபை என்னிடம் ஒரு வேலையை நம்பிக் கொடுத்ததே பெருமையாக இருந்தது.

எழுதிக்கொள்ள உட்கார்ந்தபோது அக்கா என்னிடம் மறுபடியும் அதே சாட்சியைத்தான் சொன்னார். நான் எழுதியதைச் செயலாளர் பார்த்தார். “முடிவ மட்டும் கொஞ்சம் நல்லா முடிச்சிடு. நீதான் படிச்ச பொண்ணாச்சே.”

முடித்தேன். ‘கடைசி நாட்களில் என் கணவர் குடியை விட்டு மனந்திரும்பினார்.’

அக்கா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அந்த வரிக்கு வந்ததும் நின்றார். விரல் வைத்து இன்னொரு முறை பார்த்தார். “இது நான் சொன்னதில்லைங்களே” என்றார். யாரோ சிரித்தார்கள். செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். அதன்பிறகு அக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிடவே இல்லை.

அன்று வெளியே செருப்பு மாட்டும்போது அக்கா என்னிடம் சொன்னார்: “நல்லாத்தான் எழுதியிருந்த பாப்பா. அப்படி நடந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.” அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

போன வருடம் என் அம்மாவை அந்த மருத்துவமனையில்தான் சேர்த்திருந்தோம். பக்கத்துப் படுக்கையில் ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர். அக்கா அவரிடம், “உங்களுக்காக ஜெபிக்கட்டுங்களா மாமி?” என்று கேட்டார்.

“வேண்டாம்மா. நேக்குப் பெருமாள் இருக்கார்.”

“சரிங்க. தலையாவது வாரி விடட்டுங்களா?”

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்க சாமி கோச்சுக்க மாட்டாராடி?”

“கோச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேங்க.”

தலை வாரும்போது மாமி அக்காவின் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மாமி திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்புறமும் உன்னால கும்பிட முடியறதா?” என்றார். “வேற யார்கிட்டங்க போய்ச் சண்டை போடுவேன்?” என்றார் அக்கா. சபை கேட்க விரும்பாத சாட்சியைப் பெருமாளைக் கும்பிடுகிறவர் கடைசிவரை கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது.

நினைவு ஆராதனைக்கு அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதச் சொன்னார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். “துக்க வீட்டுல இதெல்லாம் வேண்டாம்” என்று திருப்பிக் கொடுத்தார் செயலாளர். ஞாயிறு அவரே வாசித்தார். பழைய ஃபைலிலிருந்து எடுத்திருக்கிறார். ‘கடைசி நாட்களில் அவர் கணவர் குடியை விட்டு மனந்திரும்பினார்.’ சபை முழுவதும் அல்லேலூயா என்றது. இந்த முறை மறுத்துச் சொல்ல அக்கா இல்லை.

எழுந்தேன். “அந்த வரிய எழுதினது நான். அது பொய். அவர் குடிச்சுத்தான் செத்தார். அக்கா அதச் சொல்ல வெட்கப்படல. நாமதான் வெட்கப்பட்டோம்.”

“உட்காருங்க சிஸ்டர், அப்புறம் பேசிக்கலாம்” என்றார் செயலாளர். நான் உட்காரவில்லை. பேசிய பிறகும் கோபம் குறையவில்லை. அதில் பாதி என்மேல்தான்.

அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று சபை நடுவே சொல்வது. அவர் மூச்சுக்குத் திணறிக் கிடந்த நான்கு நாளும் அவர் பிழைக்க வேண்டும் என்று ஜெபித்தேன். பிழைக்கவில்லை. இது என் சாட்சி. இதை யாரும் நல்லபடியாக முடித்துத் தர வேண்டாம்.