பத்தாம் வசனத்துக்கு அப்பால்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றரை மணி. அவள் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கணவரோடு இடிப்பு வேலைக்குப் போகிற மேஸ்திரி வாசலில் வந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"கடைசிச் சுவரும் இறங்கிடுச்சும்மா. தண்ணி குடிச்சுட்டு வரேன்னு நிழல்ல உட்கார்ந்தாரு. அப்படியே சாஞ்சுட்டாரு."

"சுவர் மேல விழுந்துச்சா?"

"இல்லம்மா. ஒரு கல்லுகூட படல."

அதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருந்தது. இடிக்கப்பட்டது அவர்களுடைய ஜெபக்கூடம். அஸ்திவாரம் இறங்கிச் சுவர்கள் வெடித்துவிட்டதால், இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று சபையே முடிவெடுத்திருந்தது. சபை மூப்பர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மூப்பர் வேறு யாருமில்லை, அவள் கணவருடைய அண்ணன்தான். "அப்பா முழங்கால் போட்ட இடத்துல உன் கடப்பாரை பட்டா நீ நல்லா இருக்க மாட்டே" என்று தம்பியின் முகத்துக்கு நேரே சொன்னவர்.

அவள் கணவருக்குப் பட்டப்பெயரே கடப்பாரைதான். பெண் கேட்டு வந்த அன்று அவளுடைய அப்பா, "கட்டறவனுக்குப் பொண்ணு கொடுப்பாங்க, இடிக்கிறவனுக்கு எப்படிப்பா?" என்று கேட்டாராம். "கட்டறவனுக்கு முன்னாடி என்னைத்தானே மாமா கூப்பிடறாங்க" என்று பதில் வந்ததாம். அந்த ஒரு பேச்சுக்கே அப்பா மடங்கிவிட்டார்.

எந்தக் கட்டடத்திலும் அவர் எடுத்த எடுப்பில் சம்மட்டியைத் தூக்கியதில்லை. ஜன்னல்களைக் கழற்றுவார். வாசல் நிலையை அலுங்காமல் பெயர்த்து நிழலில் சாத்துவார். அதற்குப் பிறகுதான் சுவர். சாயங்காலம் இமையெல்லாம் சுண்ணாம்போடு வீடு திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, வேதப்புத்தகத்தைத் திறந்தால் நேரே தீர்க்கதரிசிகளிடம்தான் போவார்.

"தூங்கப்போற நேரத்துல இதென்ன, ஊர் ஊரா எரியுது?" என்பாள் அவள்.

"இரு, இன்னும் முடியல. இவங்கெல்லாம் நம்ம தொழில்காரங்கடி. கைவிட்ட வீட்டை எவனாவது மெனக்கெட்டு இடிப்பானா? அது பாட்டுக்குப் பாம்பு குடியிருக்கும். ஆள் வெச்சு இடிக்கிறான்னா, அங்க குடியிருக்கற ஆசை அவனுக்கு இன்னும் விடலைன்னு அர்த்தம்."

மறுநாள் காலை மூப்பர் வந்தார். சபையில் வேதம் வாசிப்பவள் அவள்தான். அடக்கத்திலும் அவளே வாசிக்க வேண்டும் என்றார். தீர்க்கதரிசி புத்தகம் ஒன்றில், ஆண்டவர் பலிபீடத்தருகே நின்று, வாசல் நிலைகள் அதிர அடித்து நொறுக்கச் சொல்லுகிற அதிகாரம். ஒன்றாம் வசனத்திலிருந்து பத்து வரை.

"பத்தோட நிறுத்திடும்மா. அதுக்கப்புறம் நான் பேசறேன்."

"அதிகாரம் அங்க முடியலையே அத்தான்."

"எனக்கு அதுவரைக்கும் போதும்."

பாவிகளெல்லாம் பட்டயத்தால், வாளால், சாவார்கள் என்பதோடு பத்தாம் வசனம் நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அவர் என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியாதா? ஆலயத்தில் கை வைத்தான், அங்கேயே தண்டிக்கப்பட்டான். குழிமேட்டில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், பேரப்பிள்ளைகள் காலம்வரை அதுவே அவள் கணவரின் கதையாகிவிடும். அவள் வாதாடவில்லை. காப்பியை ஆற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

கல்லறையில் பெட்டியின் தலைமாட்டில் நின்று வாசித்தாள். பத்தாம் வசனம் முடிந்ததும் மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். அவள் நிமிர்ந்தே பார்க்காமல் பதினொன்றைத் தொடங்கினாள். இடிக்கச் சொன்ன அதே வாய், விழுந்த கூடாரத்தைத் திரும்ப எடுத்து நிறுத்துவேன் என்கிறது. உடைப்புகளை அடைப்பேன் என்கிறது. பாழான ஊர்களைக் கட்டிக் குடியேறுவார்கள், வைத்த தோட்டத்தின் பழத்தை வைத்தவர்களே தின்பார்கள், இனி அவர்களை யாரும் பிடுங்கி எறிவதில்லை. அதிகாரத்தின் கடைசி எழுத்துவரை வாசித்தாள்.

"இதுவரைக்கும் வாசிக்காம அவரு என்னைக்கும் புத்தகத்தை மூடினதில்லை அத்தான்" என்று சொல்லி, விரித்தபடியே அவரிடம் நீட்டினாள்.

பின்வரிசையில் மேஸ்திரி, "வாஸ்தவம்" என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

மூப்பர் வாங்கி, பக்கத்தைப் பார்த்தபடி நின்றார். "அப்பா சாஞ்சு நிப்பாரே, அந்த வாசல் நிலை. ஒரு கீறல் இல்லாம எடுத்து வெச்சிருக்கான். நேத்து போய்ப் பார்த்தேன்" என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, ஜெபத்துக்குத் தலையைத் தாழ்த்தினார்.

பழைய செங்கல் புதுக் கூடத்துக்கு ஆகும் என்று மேஸ்திரி சொன்னதிலிருந்து, மூப்பர் தினமும் காலையில் இடித்த இடத்துக்கு வந்து உட்கார்ந்து, கல்லில் ஒட்டிய காரையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். "அண்ணே, இந்த வேகத்துல போனா உங்க பேரன்தான் மூப்பரா வந்து திறந்து வைக்கணும்" என்று மேஸ்திரி கிண்டல் செய்கிறார். அவளும் போய் எதிரே உட்கார்ந்து சுரண்டுகிறாள். கிழக்குப் பக்கத்துக் குவியல் இன்னும் அப்படியே மீதி இருக்கிறது.