முட்டைக்கோஸ் இலையில் ஒரு மெக்சிகோ மீன்

ரசாக் பாய் தவறிவிட்டார் என்று போன செவ்வாய்க்கிழமை காலை பல்லடத்திலிருந்து போன் வந்தபோது நான் நம்பவில்லை. யார் சொன்னது, எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரி என்று வரிசையாகக் கேட்டேன். பேசியவர் அவருடைய மச்சினர். "இதுல பொய் சொல்லுவனுங்களா?" என்றார். எதையும் சந்தேகப்பட்டே பழகிய புத்தி எனக்கு. அந்தப் புத்தி ரசாக் பாய்க்கு என்ன செய்தது என்பதை அவரை அறிந்த உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அருள்புரத்தில் நாங்கள் நாலு பேர் கூட்டாகப் பனியன் கம்பெனி நடத்தினோம். நூல் வாங்குவதும் வெளியூர்க்காரர்களிடம் பேசுவதும் பாயின் வேலை. "சாம்பிள் பேசட்டுமுங்க, நாம பேசினா வெலை எறங்கிரும்" என்பார். பம்பாய் ஏஜெண்டு மூலம் மெக்சிகோ வியாபாரி ஒருவர் எங்கள் சரக்கை விசாரித்தபோது, பாயைத்தான் அங்கே அனுப்பி வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து வந்தார். சாம்பிள் மூட்டை கட்டியது கட்டியபடி இருந்தது. வியாபாரியைப் பார்க்க முடியவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. துருவினால் பேச்சு அங்கே சந்தையில் சாப்பிட்ட மீனுக்குப் போய்விடும். எப்படி அறுத்ததோ என்று கறியைத் தொடவில்லையாம். மக்காச்சோள ரொட்டிக்குள் சுட்ட மீனை வைத்து, மேலே காரமான துவையலைப் போட்டு ஒரு அம்மாள் கொடுத்தாராம். ஏழு ரொட்டி சாப்பிட்டாராம். ஆர்டர் பிடிக்கப் போனவர் மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பது?

அதன் பிறகு மதியம் எங்களோடு உட்காருவதையும் நிறுத்திவிட்டார். சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நூல் ரூமுக்குள் தனியாகப் போவார். டீயைத் தொடமாட்டார். ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கைமாற்றியிருப்பார், அல்லது மெக்சிகோவுக்கே போகாமல் பம்பாயோடு திரும்பியிருப்பார் என்று மற்ற இரண்டு கூட்டாளிகளிடம் சொன்னேன். நான் சொல்லும்வரை அவர்களுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை.

அவரைச் சோதித்துப் பார்க்க, அந்தச் சாப்பாட்டைச் செய்து காட்டும்படி கேட்டேன். சாப்பிடாதவர் என்றால் தடுமாறுவார் என்பது என் கணக்கு. அவரோ சந்தோஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் வரச் சொன்னார்.

தாராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் அமராவதி ஆற்று மீன் வந்திருந்தது. அடுப்படியில் அவரே உட்கார்ந்து தக்காளியையும் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் தணலில் தோல் கருகும்வரை சுட்டார். அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு எலுமிச்சை பிழிந்தார். அங்கே வெண்ணெய் மாதிரி ஒரு பச்சைப் பழத்தை மசித்து வைப்பார்களாம். அதற்குப் பதிலாக, பனியன் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த தயிர். கை எங்கும் தயங்கவில்லை. எனக்கு மக்காச்சோள ரொட்டி தட்டிப்போட்டார். தனக்கு மட்டும் முட்டைக்கோஸ் இலையை வெந்நீரில் வாட்டி, அதற்குள் மீனைப் பொதிந்துகொண்டார்.

எனக்கு மறுபடியும் சந்தேகம். விருந்தாளிக்கு ஒன்று, தனக்கு ஒன்றா? எனக்கும் இலையிலேயே கொடுங்கள் என்றேன். கதவருகில் நின்றிருந்த அவர் மனைவிதான் முதலில் பேசினார். "அவருகிட்டயாவது சொல்லிருங்க."

பாய் மெல்லச் சொன்னார். மீன் சாப்பிட்ட மறுநாள், வியாபாரியின் கடைக்குப் போகும் வழியில் தெருவிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். சர்க்கரை வியாதி என்று அங்கேதான் தெரிந்திருக்கிறது. வெளியே வந்தபோது வியாபாரி ஊரிலேயே இல்லை. இங்கே டாக்டர் சோற்றையும் ரொட்டியையும் விடச் சொல்லிவிட்டார்.

"மூணு பொண்ணுங்க இருக்காளுகங்க. அப்பனுக்குச் சர்க்கரைன்னா எவன் வந்து கேப்பான்? நான் இருக்கறவரைக்கும் வெளிய சொல்லாதீங்க."

வாக்குக் கொடுத்தேன். மீனையும் சாப்பிட்டேன். இலைக்குள் துவையலின் புகைவாசம் ஏறி, ரொட்டி இல்லாத குறையே தெரியவில்லை.

அடுத்த மாதம் மற்ற இருவரும் என் எதிரிலேயே அவரைக் கம்பெனியிலிருந்து விலகச் சொன்னார்கள். பாய் என்னை ஒருமுறை பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். வெளியே வந்ததும், "அவங்க மேல தப்பில்லீங்க, நான் சொன்னது எனக்கே நம்பற மாதிரி இல்லீங்களே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அதற்குப் பிறகும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதை அவர் விடவில்லை. நானும் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று பெண்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். அடக்கத்தன்று அவர் மனைவி, "இனிச் சொல்லலாமுங்க" என்றார்.

வாக்குக்குக் கட்டுப்பட்டதாகவே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டேன். அதையும் இப்போது நம்ப முடியவில்லை. நோயைச் சொல்லாமலே, அவர் நேர்மையானவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், சந்தேகத்தை முதலில் கிளப்பியவன் நான்தான் என்பது வெளியே வந்திருக்கும். அன்று அந்த மேஜை முன்னால் நான் விழுங்கிய அந்த வார்த்தைதான் அவர் நினைவாக என்னிடம் இருக்கிறது.