சனிக்கிழமைக் குரல்

போன வாரம் எங்கள் கல்யாண நாள். சென்னையில் இருக்கும் மகன் போனிலேயே ஒரு காஃபேயில் மேசை பதிவு செய்துவிட்டு, நீங்கள் போய் உட்கார்ந்தால் போதும் என்றான். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் வண்ணம் அடித்த பழைய வீடு. உட்கார்ந்த உடனே சூடான ரொட்டியில் வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. வாசனைக்குப் பின்னாலேயே பணியாளர் வந்து, மெனு அட்டையை என் கையில் கொடுத்தார்.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. புதுச்சேரியில் இந்தப் பக்கத்து உணவகங்களில் மெனு என் கைக்கு வந்ததே கிடையாது. அது நேராக என் மனைவி கலாவிடம் போகும். நான் எதிரில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டு, பொறாமையில் வெந்துகொண்டிருப்பேன். அதுதான் எங்கள் வீட்டு ஒழுங்கு. மெனு அட்டைக்கு எதற்கப்பா பொறாமை என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை.

நான் முதலியார்பேட்டைக்காரன். அப்பா மில்லில் தறி ஓட்டினார். எங்கள் வீட்டில் யாராவது ஓட்டலில் சாப்பிட்டார்கள் என்றால், வேறு யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மாவுக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தபோது எதிர்க்கடையில் சாப்பிட்ட பூரிதான் நான் அறிந்த வெளிச்சாப்பாடு. இன்றைக்கும் பூரி என்றால் எனக்குக் கிழங்குக்கு முன்னால் பினாயில் வாசனைதான் நினைவுக்கு வரும்.

கலா முத்தியால்பேட்டை. அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்போம். பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளியில் படிக்க வைத்தார். குடும்பம் மொத்தத்துக்கும் பிரான்சுக் குடியுரிமை. ஊர் பாஷையில் ‘நேஷனாலிட்டி’. நேஷனாலிட்டி உள்ள பெண் என்றால் மாப்பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், கட்டிக்கொண்டு பின்னாலேயே பாரிசுக்குப் பறந்துவிடலாம் என்று. என் மாமனார் மூத்த மகளை அங்கேயே இருக்கும் மாப்பிள்ளைக்குக் கொடுத்து, விமான நிலையத்தில் அழுது தீர்த்துவிட்டு வந்தவர். இளையவளாவது கண்ணெதிரே இருக்கட்டும் என்று உள்ளூரில் ஒரு சர்க்கார் குமாஸ்தாவைத் தேடினார். அகப்பட்டவன் நான். மூத்தவள் லீவுக்கு வந்திருந்த சமயம், ஆடி பிறப்பதற்குள் அவசரமாக முகூர்த்தம் வைத்தார்கள்.

இந்த மாப்பிள்ளை பாரிசுக்குப் போகப்போவதில்லை என்று யார் நம்புவது? பந்தலிலேயே கேள்வி ஆரம்பித்துவிட்டது. “மாப்ள, எப்ப ஃப்ளைட்டு?” தாலி கட்டிய ஈரம் கூடக் காயவில்லை. மளிகைக்கடையில் கேட்டார்கள், முடிவெட்டும் இடத்தில் கேட்டார்கள், அலுவலகத்தில் என் நாற்காலிக்கு ஒருவர் அப்போதே துண்டு போட்டு வைத்தார். நான் சிரித்துச் சமாளித்தேன். உள்ளுக்குள் ஒரே பயம். நான் எங்கும் போகப்போவதில்லை, சரி. அவள் போய்விட்டால்? அவளைத் தடுக்க என்னிடம் என்ன இருக்கிறது, ஒரு மொபெட்டைத் தவிர?

அந்த மொபெட்டுக்கு மட்டும் ஒரு கடமை இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வெளியே சாப்பிடுவது கலா வீட்டு வழக்கம். அதை நிறுத்தக்கூடாது என்பதுதான் கல்யாணத்துக்கு அவள் என்னிடம் கேட்ட ஒரே வரதட்சணை. என் அலுவலகம் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறம். மீன் வாடையும் கதம்ப வாசனையும் சேர்ந்து சட்டையோடு வீடு வரும். சனிக்கிழமை மட்டும் இரண்டு முறை சோப்பு போட்டுக் குளித்து, பவுடர் பூசி, அவளை ஏற்றிக்கொண்டு, எங்கள் பக்கத்தையும் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய தெருக்களையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டுவேன். தாண்டியதும் தெரு அகலமாகும். நான் கொஞ்சம் குறுகிவிடுவேன்.

ஒரு பழைய வீட்டு முற்றத்தில், பாதாம் மரத்தடியில் நாலைந்து மேசை. அதுதான் அவளுக்குப் பிடித்த இடம். நடத்தியவர் மாமனாரோடு பட்டாளத்தில் இருந்தவர், எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா என்பது மாதிரி. முதல் சனிக்கிழமை ஒரு கூடை நிறைய ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து வைத்தார். இதுதான் சாப்பாடு போலிருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் பாவம் என்று நினைத்து, மரியாதை குறையக் கூடாதே என்று கூடையைக் காலி செய்தேன். வயிறு நிறைந்த பிறகு கலா என் காதருகே குனிந்து, “இது சும்மா வெக்கிறதுங்க. சாப்பாடு இனிமேதான் வரும்” என்றாள். அதற்கப்புறம் வந்த சூப்பையும் மீனையும் எப்படி உள்ளே தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ரொட்டி கூடப் பரவாயில்லை. என்னை அடித்துப்போட்டது அவள் குரல். வீட்டில் கலா தணிந்த குரலில் பேசுவாள், பாதி வார்த்தை அவளுக்கே கேட்காது. முசியே வந்து நின்று பிரெஞ்சில் ஒரு வார்த்தை கேட்டதும் அந்தக் குரல் ஒரு படி ஏறியது. கை பேசியது. உதட்டைக் குவித்தாள், தோளைத் தூக்கினாள், ஏதோ வேடிக்கை சொல்ல ஆரம்பித்து முடிப்பதற்குள் அவளே சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். நானும் அவர்களைப் போலவே, யார் இந்தப் பெண் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கட்டிக்கொடுத்தது இவளை இல்லையே!

முசியே மேல் பொறாமைப்பட்டேன். அவர் வயதுக்கு அது அநியாயம். உள்ளிருந்து எட்டிப் பார்த்து நலம் விசாரித்த அவர் சம்சாரத்தின் மேல் பொறாமைப்பட்டேன். வயிற்றெரிச்சல் என்று சொல்வதெல்லாம் சும்மா பேச்சுக்கு என்று நினைக்காதீர்கள். வெண்ணெயில் வறுத்த மீனைத் தின்றுகொண்டே வயிறு எரிந்தவன் நான்.

ஜூலை வந்தால் நிலைமை இன்னும் மோசம். பிரான்சில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் லீவுக்கு வந்து இறங்குவார்கள். வக்கான்ஸ்காரங்க என்று அவர்களுக்குப் பெயர். ஊரே சென்ட் மணக்கும். கல்யாணமான மறுவருஷம், ஒரு சனிக்கிழமை, முற்றத்தின் கோடியிலிருந்து ஒருவன் “கலா” என்று கூப்பிட்டான். கடைசி எழுத்தை அவன் நீட்டியதில் அது வேறு யாருடைய பெயரோ போல இருந்தது. ஜெரார். பள்ளியில் அவளோடு ஒரே வகுப்பு, இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு தபால் நிலையத்தில் வேலை. நேரே வந்தான். அவளுடைய இந்தக் கன்னத்தில் ஒரு முத்தம், அந்தக் கன்னத்தில் ஒரு முத்தம். அது அவர்கள் வழக்கம், வணக்கம் சொல்வது மாதிரிதான் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அடுத்து என் பக்கம் திரும்பி, சிநேகிதியின் புருஷன் என்ற முறையில் எனக்கும் கன்னத்தை நீட்டினான். நான் கையை நீட்டினேன். கை அவன் வயிற்றில் போய் இடித்தது. இடித்தவன் நான், மன்னிப்புக் கேட்டது அவன். அந்த நாகரிகத்தின் மேலும் எனக்குப் பொறாமை.

எங்கள் மேசையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். என்னிடம் தமிழில், “ஏன் இங்கயே கெடக்குறீங்க? வந்துடுங்க அங்க” என்றான். பிறகு இருவரும் பிரெஞ்சுக்குப் போய்விட்டார்கள். முதலில் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்று, அவன் தாழ்ந்த குரலில் நெடுநேரம் ஏதோ சொன்னான். கலா அவன் மணிக்கட்டின் மேல் கையை வைத்து, அவளும் ஏதோ சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். நான் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். மீனில் முள்ளே இல்லை.

வீடு திரும்பும் வழியில் என்ன பேச்சு என்று கேட்டேன். பழைய கதை என்றாள். பழைய கதைக்கு யாராவது மணிக்கட்டைப் பிடிப்பார்களா? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கூப்பிட்டிருக்கிறான், இவள் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள், முடிவே கட்டிவிட்டேன். நேரடியாகக் கேட்கத் தைரியம் இல்லாதவன் என்ன செய்வான்? அலுவலகத்தில் ஆடிட் நடக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் பெண்கள். புதிதாகத் தாலி ஏறியவர்கள், பாரிசு மாப்பிள்ளைகளிடம் போய்ச் சேரக் காத்திருப்பவர்கள். ஒவ்வொருவரும் ஏன் பிரெஞ்சு படிக்கிறோம் என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. என் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார் என்று எல்லாரும் சொன்னார்கள். என்னிடம் இருந்த சரக்கில் ‘என் மனைவி’ என்பது வரைக்கும்தான் சொல்ல முடிந்தது. ஆசிரியை பரிதாபமாகத் தலையசைத்து, சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்று ஆறுதல் சொன்னார். என் மனைவி முதலியார்பேட்டையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பதற்கு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.

இந்த ஊரில் ரகசியம் தங்குமா? அந்தப் பெண்களில் ஒருத்தியின் அம்மா முத்தியால்பேட்டை. கடைத்தெருவில் கலாவைப் பார்த்து, உன் வீட்டுக்காரர் கூட பிரெஞ்சு கற்கிறாராமே, பயணம் எப்போது என்று கேட்டிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வந்தது, போனோம், முசியே ரொட்டிக் கூடையை வைத்துவிட்டு நகர்ந்தார். அவள் ரொட்டியைத் தொடவில்லை.

“எப்ப ஃப்ளைட்டு?” என்றாள்.

ஊரே கேட்ட கேள்விதான். அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். “எங்கப்பா என்ன இங்கயே வெச்சிக்கணும்னுதான் உங்களுக்குக் குடுத்தாரு. எனக்கும் இந்த ஊர விட்டுப் போக இஷ்டமில்ல. நேஷனாலிட்டிய நம்பித்தான் கட்டிக்கிட்டீங்களா? எனக்குத் தெரியாமயே கெளம்புறீங்க” என்றாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

அவள் போய்விடுவாள் என்று நான் பயந்த பயத்தை, இத்தனை நாள் என்னைப் பற்றி அவள் பயந்திருக்கிறாள். உளறிக்கொட்டினேன். “நான் எங்கயும் போகல கலா. அன்னிக்கி ஜெரார்கிட்ட நீ என்னா பேசினேன்னு தெரிஞ்சிக்கத்தான் போனேன்.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “அவன் பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிட்டாங்க. தெனம் தனியா ஒக்காந்து சாப்புடுறானாம். எதிர்ல ஆளில்லாம எறங்கலன்னான். அழுதுடுவானோன்னு கையப் புடிச்சேன்” என்றாள். பிறகு ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவி என் தட்டில் வைத்தாள்.

அன்றோடு வகுப்பை விட்டேன். பயமும் போனது. நியாயமாகப் பார்த்தால் பொறாமையும் போயிருக்க வேண்டும், இல்லையா? அது போகவில்லை. ஆளை விட்டுவிட்டுக் குரலைப் பிடித்துக்கொண்டது. ஒருவன் தன் துக்கத்தைச் சொல்ல இவ்வளவு தூரம் தேடி வருகிறான் என்றால், அந்தக் குரலில் ஏதோ இருக்கிறது. என் அப்பா போனபோது அவள் என்னைத் தேற்றியது இந்தத் தமிழ்க் குரலில்தான். அது குறை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருந்தாலும் சனிக்கிழமைக் கலா ஒருத்தி இருந்தாள். அவளைப் பக்கத்து மேசையிலிருந்து பார்க்கத்தான் எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. ஜெரார் ஒவ்வொரு ஜூலையும் வந்தான். நான் கன்னத்தை நீட்டவும் பழகிக்கொண்டேன். அவர்கள் பேசுவார்கள், நான் சாப்பிட்டுக்கொண்டே எரிவேன்.

முசியே போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். பாதாம் மரம் இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. மாமனார் போனார். கலாவும் பாரிசில் இருக்கும் அக்காவும் போனில் பேசுவது தமிழில்தான். அக்கா பிள்ளைகள் லீவுக்கு வேறு தேசங்களுக்குப் போகிறார்கள். ஜெராரின் அம்மா இறந்தபோது அவன் வந்து வீட்டை விற்றுவிட்டு, எங்களோடு ஒரு மதியம் சாப்பிட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

போன வாரத்துக்கு வருகிறேன். பக்கத்து மேசையில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு ஜோடி, தட்டைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. பணியாளர் அஸ்ஸாம்காரராம், இங்கிலீஷில் கேட்டார். மெனுவைக் கலாவிடம் தள்ளினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“ஒரு தடவ பிரெஞ்சுல சொல்லேன்” என்றேன்.

“யாருக்கு?”

“எனக்குத்தான். கேக்கணும்போல இருக்கு.”

வெட்கப்பட்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் ஒரு படி ஏறியது, கை எழுந்தது. அதே கலா. எனக்குப் பழையபடி வயிறு எரிய ஆரம்பித்தது. நாலைந்து வார்த்தை வந்தது. அதோடு நின்றுவிட்டது. உதடு குவிந்தபடி இருக்க, கை அப்படியே அந்தரத்தில் நிற்க, மேலே பார்த்து ஏதோ ஒரு வார்த்தையைத் தேடினாள்.

“என்னாங்க, வரமாட்டேங்குதே” என்றாள், வீட்டுக் குரலில். கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

பணியாளரிடம் இங்கிலீஷில் இரண்டு காபி சொன்னாள். நான் வாசல் பக்கம் பார்த்தேன். இதுவும் ஜூலை மாதம்தான். ஜெரார் வந்தால் தேவலை என்று இருந்தது. வந்து, அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.