சட்டைப் பையில் மூன்று மாத்திரை

குழாய்க்காரருக்கு வாய் ஓயாது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டே வீட்டுக்காரர்களைச் சிரிக்க வைப்பார். மூன்று மாதமாக இடுப்பு வலி அந்தச் சிரிப்பையும் தின்றுவிட்டது. டாக்டர் பலமான வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டையிலிருந்து மூன்றைப் பிதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது பழக்கமாகிவிட்டது.

அன்று வலி தாங்காமல் மதியமே திரும்பினார், பையிலிருந்த மூன்றையும் தொடாமலே. மனைவி குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுச் சலவைக் கடை வேலைக்குக் கிளம்பினாள். அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தரையில் சாய்ந்தார். இரண்டரை வயது மகள் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

விழித்தபோது அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள். 'தங்கம், அப்பாவை எழுப்பாம தானே தூங்கிட்டா' என்று பூரித்துப்போனார். பிறகுதான் அந்தக் குறட்டை காதில் உறைத்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நெடுநேரம் ஒன்றுமே இல்லை. உலுக்கினார். தலை துவண்டது. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். "என்ன சாப்பிட்டா குழந்தை?" என்றது ஒரு பெண் குரல்.

சட்டைப் பையைத் துழாவினார். ஒன்றுதான் இருந்தது. "என் வலி மாத்திரைம்மா. ரெண்டு. நான்தான் கைக்கு எட்டுற மாதிரி வச்சிட்டேன்."

"அப்புறம் அழலாம்ணா. வண்டி கிளம்பிடுச்சு. தலையை லேசா பின்னால சாய்ச்சு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, வாயோட வாய் வச்சு மெதுவா ஊதுங்க. நெஞ்சு எழும்பணும். மூணு எண்ணி ஒரு தடவை."

ஊதினார். பதினோரு நிமிஷம், வண்டி வரும்வரை நிறுத்தவில்லை. இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று.

ஆம்புலன்ஸில் அந்த மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஊசி போட்டதும் மகள் வீறிட்டு அழுதாள். அதைக் கேட்டுத்தான் அவருக்கு உயிர் வந்தது. ஆஸ்பத்திரியில் மறுபடி மூச்சு மந்தப்பட்டது. "ஊசியோட வேகம் சீக்கிரம் அடங்கிடும், மாத்திரை இன்னும் உடம்புக்குள்ளதான் இருக்கு" என்று நர்ஸ் இன்னொரு ஊசி போட்டார். மூன்று நாள் பக்கத்திலேயே வைத்துப் பார்த்து அனுப்பினார்கள்.

ஓடிவந்த மனைவியிடம் எதையும் மழுப்பாமல் சொன்னார். அவள் இரண்டு நாள் அவரைக் குழந்தையின் கட்டிலருகே அண்டவிடவில்லை. மூன்றாம் நாள், "துவைக்கும்போதெல்லாம் உங்க பையில மாத்திரை தட்டுப்படும். ஒரு தடவையாவது நானும் சொல்லியிருக்கலாம்" என்று உடைந்து அழுதாள்.

இப்போது வேலைக்குப் போகும் வீட்டில் குழந்தை இருந்தால் முதலில் அலமாரியைத்தான் பார்க்கிறார்.

"குழாய் பாக்க வந்தீங்களா, மருந்து பாக்க வந்தீங்களா?" என்று ஒரு அம்மாள் சிடுசிடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்று கீழ்த்தட்டில் இருந்த மாத்திரை டப்பாவை உச்சித் தட்டில் வைத்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்தார்.