ஒரு வரி கீழே இறங்கிய பதில்கள்

பெங்களூரில் அடுகோடி பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் நான் ஏழு வருடங்களாக வேலை பார்க்கிறேன். புகார்ப் பதிவேடு, சாவிகள், கடிதப் போக்குவரத்து எல்லாம் என் பொறுப்பு. போன மழைக்காலத்தில் அங்கே சர்வீஸ் லிஃப்ட் பழுதாகி மூன்று வாரம் அப்படியே நின்றது. வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் அதில்தான் போக வேண்டும். பெரிய லிஃப்டுகள் இரண்டுக்கும் நடுவில், குடியிருப்பவர்களுக்கும் விருந்தினர்களுக்கும் மட்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதனால் அந்தப் பெண்கள் படியேறினார்கள்.

ஒன்பதாவது மாடியில் சமைக்கும் அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வலிக்காரர். ஒரு நாள் காலை நான்காவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காவலாளி வந்து கூப்பிட, நான் போய்ப் பார்த்தேன். மேல்மூச்சு வாங்கியது. அரை மணி நேரம் கழித்து அவரைப் பெரிய லிஃப்டில் ஏற்றி மேலே கொண்டுபோய் விட்டேன். கீழே வந்ததும் அந்த அறிவிப்பை நகத்தால் சுரண்டிக் கிழித்து எடுத்தேன். இனி யாரையும் தடுக்க வேண்டாம் என்று காவலாளியிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கக் கமிட்டியிலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. ஏழு குற்றச்சாட்டுகள். அனுமதியில்லாமல் அறிவிப்பை அகற்றியது, வேலைக்காரர்களைப் பெரிய லிஃப்டில் விட்டது, அதைக் கேட்ட உறுப்பினர் ஒருவரை மரியாதையில்லாமல் பேசியது, பெண்களை வேலை நிறுத்தம் செய்யத் தூண்டியது, கிளப் ஹவுஸ் கழிவறையை அவர்களுக்குத் திறந்துவிட்டது, கமிட்டியைக் கேட்காமல் லிஃப்ட் கம்பெனிக்குப் புகார் எழுதியது, அடிக்கடி தாமதமாக வருவது. சனிக்கிழமை ஐந்து மணிக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நோட்டீஸோடு இன்னொரு தாளும் இணைத்திருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்பதாக அவர்களே அடித்த கடிதம். கையெழுத்துக்கு மட்டும் கீழே இடம் விட்டிருந்தது.

என் கணவர் அதைப் படித்துவிட்டு, கையெழுத்துத்தானே, போட்டுவிட்டு வேலையைப் பார் என்றார். எனக்குக் கை வரவில்லை. ஏழில் நான்கை நான் செய்திருந்தேன். மூன்றைச் செய்யவில்லை. அந்தக் கடிதம் இரண்டையும் ஒன்றாக்கி எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டது.

நீலசந்திராவில் எங்கள் வீட்டு மேசையில், மகளின் லேப்டாப்பில், ஆங்கிலத்தில் நானே பதில் அடித்தேன். இடப்பக்கம் குற்றச்சாட்டு, வலப்பக்கம் என் பதில். எதிரெதிரே வர வேண்டும் என்பதற்காக ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி நகர்த்தினேன். கீழே இறக்க என்டர். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பென் டிரைவில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை மதிய உணவு நேரத்தில் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அலுவலகத்திலும் பிரின்டர் இருந்தது. என் மேல் வந்த நோட்டீஸுக்கு அவர்களுடைய தாளில் பதில் எடுக்க எனக்கு மனமில்லை.

மெஷினிலிருந்து வந்த தாளை இடமிருந்து வலமாகப் படித்தேன். பதில்கள் எல்லாம் ஒரு படி கீழே இறங்கியிருந்தன. ‘ஆம், செய்தேன். இனியும் செய்வேன்’ என்று இரண்டாவதற்கு நான் எழுதியது, மரியாதையில்லாமல் பேசினாள் என்ற மூன்றாவதன் எதிரில் நின்றது. ‘இல்லை, அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்ற நான்காவது பதில், கழிவறை திறந்த ஐந்தாவதற்குப் போயிருந்தது. வலப்பக்க வரிகள் சில மடங்கி இடப்பக்கத்துக்குள் நுழைந்திருந்தன. ஏழாவதன் பதில் தனியாக அடுத்த தாளில் வந்தது.

கடைக்காரர் கன்னடக்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “யாரு மேடம் லைன் லைனா பாக்கறாங்க? பேனாவுல அம்புக்குறி போட்டுக் குடுத்துடுங்க, சாகு, அது போதும்” என்றார்.

“நான் செஞ்சதை இல்லைன்னு சொல்ற மாதிரி வந்திருக்கு. செய்யாததை ஆமான்னு சொல்ற மாதிரி வந்திருக்கு. இதுல நான் எப்படிங்க கையெழுத்து போடுவேன்?” என்றேன்.

அவர் மறுபடியும் தாளை வாங்கி, இந்த முறை உட்கார்ந்து படித்தார். பிறகு எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

வீட்டு லேப்டாப்பில் நான் வைத்திருந்த எழுத்துரு கடைக் கம்ப்யூட்டரில் இல்லை என்று காட்டினார். அது தானாக வேறொன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த எழுத்து கொஞ்சம் அகலம். அதனால் வரிகள் நீண்டு மடங்கி, ஸ்பேஸ் தட்டி நான் கட்டியதெல்லாம் சரிந்துவிட்டது. தாளின் அளவும் வேறாக இருந்தது. கடையில் இருந்தது ஏ4. என் கோப்பு வேறு ஏதோ அளவில் கிடந்தது.

முதலில் எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தோம். மூன்று பதில்கள் இடத்துக்கு வந்தன, மற்றவை மேலே ஏறிவிட்டன. இரண்டு ஓரமும் சமமாக வரட்டும் என்று அவர் ஒரு பட்டனை அமுக்க, குறுகிய பத்தியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விழுந்து வரிகள் பொக்கை வாயாகத் தெரிந்தன. அதை எடுக்கச் சொல்லி இடது ஓரத்துக்கே மாற்றினேன். மணி மூன்று தாண்டியிருந்தது. அவர் வாடிக்கையாளர்களைக் கவனிக்கப் போனபோது நானே உட்கார்ந்து எல்லா ஸ்பேஸையும் அழித்தேன். தாளை ஏ4 ஆக்கிவிட்டு, இரண்டு பத்தி, ஏழு வரிசையில் ஒரு அட்டவணை போட்டேன். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் அதன் பதிலையும் வெட்டி, ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒட்டினேன். இப்போது பதில் எவ்வளவு நீண்டாலும் அதன் கட்டம்தான் நீளும், அடுத்ததன் மேல் போய் விழாது. ஒரு வரிசை பாதியில் உடைந்து அடுத்த தாளுக்குப் போகாமலிருக்க எங்கே டிக் எடுக்க வேண்டும் என்று அவர் வந்து காட்டினார். பிடிஎஃப் ஆக்கிய பிறகுதான் பிரின்ட் கொடுத்தார். மூன்று பிரதிகள். மூன்றையும் அளவுகோல் வைத்தது போல வரிசை வரிசையாகப் பார்த்து, கையெழுத்துப் போட்டேன்.

கமிட்டித் தலைவரும் தமிழர். பல தலைமுறையாக பெங்களூரிலேயே இருக்கும் குடும்பம். ஐந்து மணிக்கு நான் போனபோது அவர் முன்னால் அந்த மன்னிப்புக் கடிதத்தின் இன்னொரு பிரதி, பேனாவோடு தயாராக இருந்தது. நான் என் தாள்களை அதன் மேல் வைத்தேன். அவர் தொடவில்லை. உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எடுத்து, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று எல்லோருக்கும் சத்தமாகப் படித்தார்.

“பாதிக்கு மேல நீங்களே ஒத்துக்கிட்டாச்சே. அப்புறம் இந்த லெட்டர்ல கையெழுத்து போடறதுல என்ன கஷ்டம்?” என்று கேட்டார் தலைவர்.

“செஞ்சது நாலு சார். அதை எழுதிக் குடுத்திருக்கேன். தப்புன்னு நான் எங்கயும் எழுதலை. செய்யாதது மூணு. அதுக்கு நீங்க ஆதாரம் காட்டுங்க.”

தாமதம் பற்றிய ஏழாவதற்கு, வருகைப் பதிவேட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆசிரியை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலைவர் பக்கம் தள்ளினார்.

பத்து நாள் கழித்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நான் ஒப்புக்கொண்ட நான்கு மட்டும் அதில் இருந்தன. மற்ற மூன்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என் பதிலையும் அதோடு சேர்த்துக் கோப்பில் வைத்தால்தான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடுவேன் என்றேன். இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு வைத்தார்கள். தலைவர் இன்றுவரை என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைக் காவலாளி மூலம் சொல்லி அனுப்புகிறார். சர்வீஸ் லிஃப்ட் சரியாகிவிட்டது. பெரிய லிஃப்டின் பக்கத்தில் புது அறிவிப்பு வந்திருக்கிறது, இந்த முறை கண்ணாடிச் சட்டத்துக்குள்.

எல்லாம் அடங்கிய பிறகு ஒன்பதாவது மாடி அம்மா ஒரு மதியம் அலுவலகத்துக்கு வந்தார். என்ன எழுதினாய் என்று கேட்டார். ஆங்கிலத்தில் இருந்ததை வரிசையாகத் தமிழில் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“படியில உக்காந்தது நான்தானே? என் பேரு எங்கயும் வரலையே” என்றார்.

அவருடைய வேலைக்கு ஆபத்து வரக் கூடாதென்று வேண்டுமென்றேதான் விட்டேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“அதை நீ எதுக்கும்மா முடிவு பண்றே? அடுத்த வாட்டி என் பேரையும் போடு. கீழ நானும் கையெழுத்து போடறேன்” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மேலே போனார்.