கிராம்பு மணத்த பிஸ்கட்

கரமனை ஆறு எங்கள் தெருவை ஒட்டியே ஓடுகிறது. அதனால் மழைக்கு முன்பே மைதா, சர்க்கரை, பால்பொடி எல்லாம் டின்களில் சேர்த்துவிடுவேன். பூச்சி வராமலிருக்க மைதாவுக்குள் ஒரு கைப்பிடி கிராம்பும் போடுவேன். இந்த வருடம் வெள்ளம் வரவில்லை. மாவு வீணாக வேண்டாமே என்று, மகளின் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் அதில் பிஸ்கட் செய்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்த மகள், "பல் டாக்டர் வாசனை வருதும்மா" என்றாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

காலையில் பள்ளிக்கூட ஆட்டோ வந்தது. ஓட்டுநருக்கு நரைத்த பெரிய மீசை. தின்ன எதைக் கொடுத்தாலும், "பின்னே தின்னாம் மோளே", அப்புறம் தின்கிறேன் மகளே என்று, காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அன்று நான் விடவில்லை.

"இப்பவே தின்னு பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?"

நிதானமாக மென்றார். "கிராம்பு கொஞ்சம் கூடுதல்தான்."

"பூச்சிக்காகப் போட்டது."

"அப்ப பூச்சிக்குத்தான் பிடிக்காது. பிள்ளேளுக்குப் பிடிக்கும், தா" என்று டப்பாவை வாங்கிக்கொண்டார்.

மாலையில் டப்பா காலியாக வந்தது. "மூணு பேர் வேண்டான்னுட்டாங்க. அந்த மூணையும் ஆட்டோ மாமாவே தின்னுட்டார். பையில போடவே இல்ல" என்றாள் மகள்.

அதன்பிறகு தினமும் கேட்கிறார்: "மோளே, அந்த மாவு தீர்ந்தாச்சா?"

இன்னும் வேண்டும் என்று கேட்கிறாரா, தீர்ந்தால் போதும் என்று கேட்கிறாரா, எனக்குப் பிடிபடவில்லை. டின்னில் இன்னும் ஒரு கிலோ இருக்கிறது.