தம்பி விழுங்கிய அம்மன் காசு

புளியும் செம்புக் களிம்பும் கலந்த வாசனை வெள்ளிக்கிழமை முழுக்க அம்மாவின் விரல்களில் இருக்கும். ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில், அவள் வாராவாரம் தேய்த்துக் குங்குமமிட்டுச் சாமித் தட்டில் வைத்தது ஒரே ஒரு 'அம்மன் காசு'. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, அம்மன் உருவம் பொறித்த அந்தச் செப்புக்காசு, புதுக்கோட்டை ராஜா நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்ததாம். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்த எங்கள் பூட்டனார் அதை வேட்டியில் முடிந்துகொண்டு கப்பலேறினாராம். "காசடிக்கக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் எவ்வளவோ நெருக்கிப் பாத்தான், ராஜா இந்தக் காசை மட்டும் விடலியே" என்று அப்பா சொல்லும்போது, இவரே பக்கத்தில் நின்று ராஜாவுக்கு யோசனை சொன்னதுபோல இருக்கும்.

அந்தக் காசைத்தான், அப்போதுதான் நடை பழகியிருந்த என் தம்பி ஒருநாள் எடுத்து விழுங்கிவிட்டான். பக்கத்து வீட்டுப் பர்மாக்கார அம்மா டோ மியா "அமலே!" என்று, நாம் ஐயையோ என்பதுபோல, அலறிக்கொண்டு ஓடிவந்து அவன் முதுகில் தட்டினார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, தானாக வந்துவிடும், காத்திருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காசு வெளியே வரும்வரை அம்மா அவனை மடியிலிருந்து இறக்கவில்லை, ஒருவாய்ச் சோறு தின்னவுமில்லை.

வந்ததும் வேறு கவலை பிடித்தது. "தீட்டுப் பட்டதை எப்படிடீ சாமிகிட்ட வைக்கிறது? ஆத்துல விட்டுடலாம்" என்றார் அப்பா. அம்மா காசைக் கழுவியபடியே சொன்னாள்: "இவனப் பெத்தப்பவுந்தான் தீட்டு. ஆத்துலயா விட்டேன்?"

காசு பழைய இடத்துக்கே போனது.

இன்றைக்கு யாங்கோன் என்று பெயர் மாறிவிட்ட ரங்கூனில், கடைகளில் சில்லறைக் காசே கிடையாது, எல்லாம் நோட்டுத்தான். போன மழைக்காலத்தில் அம்மா இறந்தபோதுதான் அது உறைத்தது. நெற்றியில் வைக்க ஒரு காசு வேண்டும் என்றார்கள். தெருவெல்லாம் கேட்டும் அகப்படவில்லை. தம்பி சாமித் தட்டிலிருந்து அம்மன் காசை எடுத்துவந்து, சந்தனம் தடவி, அவள் நெற்றியில் தன் கையாலேயே வைத்தான். சாமிக் காசைச் சாவுக்கு வைக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

சுடுகாட்டில் தீ வைக்குமுன் அந்தக் காசை எடுத்து எங்களிடம் நீட்டினார்கள். எனக்கு வாங்கிக்கொள்ள ஆசைதான், பொய் சொல்வானேன். தம்பி அதை வாங்கித் திரும்பவும் அம்மாவின் நெற்றியில் வைத்தான். "என் வயித்துல இருந்துட்டு வந்த காசுதானே, அம்மாவோடயே போகட்டும்க்கா," என்றான், "அங்க அம்மாவுக்கு யாரு இருக்கா?"